பிந்தி விழும் தட்டு

ஹெட்போனை மாட்டிக்கொண்டு தபலாவில் முதல் தட்டுத் தட்டியபோது சத்தம் கைக்குப் பிறகு வந்தது. கை தோலை விட்டு எழும்பி, காற்றில் நின்ற பிறகுதான் காதில் தட்டு விழுந்தது. தனேஸ்வரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி மாட்டினார். பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து அவரைக் கேட்டுக் கேட்டு வாசிப்பது போல இருந்தது.

“விமலா, இந்த லேப்டாப்புல சத்தம் லேட்டா வருது,” என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “நம்ம பொண்ணு ஷாமினி விட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பு லா அது. கடையில குடுத்துப் பாக்கலாமா?”

“பாக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். முன்பெல்லாம் மைக்கில் சின்ன இரைச்சல் வந்தாலே கையால் மேசையைத் தட்டிச் சத்தம் போடுகிற மனிதர் அவர். இப்போது கால்மேல் கையை வைத்துக்கொண்டு, லேப்டாப் திரையில் ஓடிய பச்சைக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விமலாவுக்கு இந்த அமைதி பழகிவிட்டது. பிடிக்கத்தான் இல்லை.

தனேஸ்வரன் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, பிறகு வீடமைப்புப் பகுதியாக மாறியபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. இருபது வயதிலிருந்து பாக்டரி பஸ் ஓட்டினார். விடியற்காலையில் புந்தோங்கில் வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார், பொழுது சாயும்போது திரும்பக் கொண்டுவந்து விடுவார். சனி, ஞாயிறுகளில் ஓர் இன்னிசைக் குழுவில் தபலா வாசிப்பார். கல்யாணம், கோயில் திருவிழா, அறுபதாம் கல்யாணம் என்று பேராக் மாநிலம் முழுக்கச் சுற்றிய குழு அது. பஸ் ஓட்டுகிற தனேஸை யாருக்கும் தெரியாது. தபலா தனேஸ் என்றால் தெரியும்.

போன வருடம் ஒரு காலையில் காலி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போகும்போது கியர் மாற்ற வேண்டியிருந்தது. இடது கை கியரின் மேல் இருந்தது. மாற்று என்று நினைத்தார், கை மாற்றவில்லை. அது தன்னுடைய கையா என்று குனிந்து பார்த்தார். எப்படியோ பஸ்ஸை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டுவிட்டு, வலது கையால் விமலாவுக்குப் போன் செய்தார். வாய் குழறியதில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் குழறலே போதுமாக இருந்தது.

லேசான பக்கவாதம் என்றார்கள். பிழைத்தது பெரிய காரியம் என்றார்கள். நாக்கு சரியானது, கால் சரியானது, கையும் பெரும்பாலும் சரியானது. சட்டைப் பொத்தான் போட முடிந்தது, சோற்றுத் தட்டைப் பிடிக்க முடிந்தது. இடது உள்ளங்கை மட்டும் தடித்த கையுறை போட்டது போல இருந்தது. பஸ் ஓட்டக் கூடாது என்பதால் கம்பெனி அவரை ஆபீசில் உட்கார வைத்து, டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கும் வேலை தந்தது.

கையில் இருந்த மரப்பு எப்படியோ உள்ளேயும் போய்விட்டது. மகள் ஷாமினிக்கு ஜொகூரில் வேலை கிடைத்த செய்தியை விமலா ஓடி வந்து சொன்னபோது “நல்லது” என்றார், தபால்காரரிடம் பார்சலை வாங்குவது போல. குழுவில் இரண்டு நிகழ்ச்சிக்குப் போய் வாசித்தார். அதன் பிறகு குழுத் தலைவர் பவித்ரன், “அண்ணே, கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுங்க லா, ஒடம்பு முக்கியம்,” என்றார். அவருக்குப் பதில் வேறொருவர் தபலாவுக்கு வந்தார். அதற்கும் தனேஸ்வரன் “நல்லது” என்றுதான் சொன்னார். சொன்னபோது உண்மையாகவே மனசில் ஒன்றும் இல்லை. அதுதான் விமலாவைப் பயமுறுத்தியது.

இந்த நிலைமையில்தான் புஷ்பராணி டீச்சர் கூப்பிட்டார்.

டீச்சர் யாழ்ப்பாணக் குடும்பம். ஈப்போவில் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முருகன் மேல் தானே பாட்டெழுதி, தானே மெட்டுப் போட்டுக் கோயில்களில் பாடுவார். அவர் பாடினால் தபலாவுக்கு தனேஸ்வரன்தான் போவார். இப்போது மகன் ஷான் அவரை மெல்பர்னுக்கே கூட்டிக்கொண்டு போகப் போகிறான். போவதற்கு முன் தன் பாட்டுகளில் ஆறைப் பதிவு செய்து வைக்க ஆசைப்பட்டார்.

“நான் பாடி முடிச்சிட்டன், தனேஸ்வரன். ஒலிபெருக்கி தர்மா வந்து பதிவு செய்து தந்தவர்,” என்றார் டீச்சர் போனில். “நீர் இங்கை வந்து கஷ்டப்பட வேண்டாம். பாட்டை அனுப்பி விடுறன். வீட்டில இருந்து ஆறுதலா வாசியும்.”

முடியாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. முடியும் என்றும் தோன்றவில்லை. “சரி டீச்சர்,” என்றார்.

புந்தோங்கில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தர்மா இரண்டு மைக்கும், மைக்கை லேப்டாப்போடு சேர்க்கும் சின்னப் பெட்டி ஒன்றும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வலது பக்கத்துச் சின்னத் தபலாவுக்கு ஒரு மைக், இடது பக்கத்துப் பெரிய தபலாவுக்கு ஒரு மைக். டீச்சரின் குரலைக் காதில் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். அப்படி உட்கார்ந்த முதல் நாள்தான் சத்தம் பிந்தி வந்தது.

தர்மாவுக்குப் போன் போட்டார்.

“என்ன ஹெட்போன் அண்ணே? வயரு இல்லாததா?”

“ஆமா. ஷாமினி வாங்கிக் குடுத்தது.”

“அலாமாக், அதத் தூக்கிப் போடுங்க லா! புளூடூத்துல சத்தம் சுத்திக்கிட்டுத்தான் வரும். வயர் ஹெட்போனை எடுத்துப் பெட்டியில குத்துங்க.”

வயர் ஹெட்போன் போட்டதும் முக்கால்வாசி சரியானது. மீதி சரியாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தர்மாவே வந்தான். கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, விமலா கொடுத்த மைலோவைக் குடித்துக்கொண்டே லேப்டாப்பை நோண்டினான். பெட்டிக்கு உரிய டிரைவர் மென்பொருளே அதில் ஏற்றப்படவில்லை என்று கண்டுபிடித்தான். ஏற்றினான். பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினான்.

“இது பஃபர் அண்ணே. ரப்பர் பால் வாளி மாதிரின்னு வச்சுக்குங்க. லேப்டாப்பு சத்தத்த சொட்டுச் சொட்டா அனுப்பாது. வாளி ரொம்புனாத்தான் தூக்கிட்டு ஸ்டோருக்குப் போவும். பெரிய வாளின்னா ரொம்ப நேரம் ஆவும். அதான் லேட்டு.”

“அப்ப சின்ன வாளி வையி.”

“ரொம்பச் சின்னதா வச்சா சும்மா சும்மா ஓடணும். பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். அப்புறம் படபடன்னு பொரியுற சத்தம் வரும்.”

எண்ணைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் பொரிந்தது. அதற்கு முந்தின எண்ணில் நிறுத்தினான். வைஃபையை அணைத்தான். பெட்டியில் இருந்த ஒரு பித்தானை அமுக்கினான். அதை அமுக்கினால் தட்டுகிற சத்தம் லேப்டாப்புக்குள் போய்ச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வருமாம். தனேஸ்வரன் தட்டினார். கையும் காதும் ஒன்றாக இருந்தன.

“முடிஞ்சு லா அண்ணே,” என்று தர்மா எழுந்து போனான்.

முடியவில்லை. வாசிக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதிவானதைத் திரும்பப் போட்டுக் கேட்டால் ஏதோ கனத்தது. டீச்சரின் குரல் முன்னால் போக, தபலா சாமான் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது போல இருந்தது. மறுபடி தர்மாவைக் கேட்டார். பதிவு செய்யும்போது லேப்டாப் கணக்குத் தப்பாக எடுத்திருக்கும், சோதித்துப் பாருங்கள் என்றான் அவன். வழியையும் சொன்னான்: பெட்டியிலிருந்து சத்தம் வெளியே போகும் துளையையும் உள்ளே வரும் துளையையும் ஒரே வயரால் இணைத்து, கடிகாரம் போல டிக் டிக் என்று ஓடும் சத்தத்தைப் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். போனதும் வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் லேப்டாப்பில் குற்றமில்லை.

ஒரு வாரம் தனேஸ்வரனின் மாலைப் பொழுதெல்லாம் இதில்தான் போயிற்று. வேலை விட்டு வந்து குளித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு லேப்டாப்பின் முன் உட்கார்வார். யூடியூப்பில் யாரோ ஒருவர் விளக்குவதைப் பார்ப்பார். எண்ணை மாற்றுவார், டிக் டிக்கைப் பதிவு செய்வார், திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பார். சந்தோஷமாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் செய்தார். பல மாதங்களாக அவர் தானாக எழுந்து போய்ச் செய்த காரியம் இது ஒன்றுதான் என்பதால் விமலா டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விமலா காய்கறி, மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். தனேஸ்வரன் கடைசியாக ஒருமுறை சோதித்தார். போன டிக்கும் வந்த டிக்கும் ஒரே கோட்டில் நின்றன. மயிரிழைகூட விலகவில்லை. சரி என்று டீச்சரின் முதல் பாட்டை, மெதுவான பாட்டை, வாசித்துப் பதிவு செய்தார். கேட்டார். கனம் அப்படியே இருந்தது.

திரையைப் பெரிதாக்கினார். மேலே வலது தபலா, கீழே இடது தபலா. இரண்டும் சேர்ந்து விழ வேண்டிய இடத்தில் மேலே உள்ள தட்டு கோட்டின் மேல் இருந்தது. கீழே உள்ளது கொஞ்சம் தள்ளி இருந்தது. அடுத்த இடத்தைப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். பாட்டு முழுக்க நகர்த்திப் பார்த்தார். எல்லா இடத்திலும் கீழே உள்ளது பிந்தியிருந்தது.

மைக் கோளாறு என்று நினைத்து இரண்டு மைக்கையும் அதனதன் வயரோடு இடம் மாற்றி வைத்தார். மறுபடி வாசித்தார். இப்போது மேல் வரிசை பிந்தியது. எந்த மைக்கை வைத்தாலும் பெரிய தபலாதான் பிந்தியது.

பிறகு பெரிய தபலாவைத் தூக்கி வலது பக்கம் வைத்து, டிக் டிக்கோடு சேர்த்து வலது கையால் தட்டினார். திரையைப் பார்த்தார். தட்டுகள் கோட்டின்மேல் வரிசையாக நின்றன.

அவருக்கு விளங்கிவிட்டது. வாசிக்கும்போது இரண்டு கையும் ஒன்றாக விழுவதாகத்தான் உடம்பு சொல்லியது. இப்போதும் அப்படித்தான் சொல்கிறது. உடம்பு சொன்னது பொய். காதில் விழுந்த கனத்தை லேப்டாப்பின் கோளாறு என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். குழுவில் இருந்தவர்கள் அப்போதே கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுத்தான் ரெஸ்ட் எடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வெளியே யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு மலையின் மேல் வெயில் வெள்ளையாக அடித்தது. கொடியில் துணி காய்ந்திருந்தது. போய் எடுத்து மடித்து வைத்தார்.

விமலா பிளாஸ்டிக் பைகளோடு உள்ளே வந்ததும் சொன்னார். “லேப்டாப்பு சரியாயிடுச்சு.”

“ஆயிடுச்சா? நல்லதாப் போச்சு.”

“கைதான் லேட்டு.”

“என்னங்க?”

“லேப்டாப்பு இல்ல விமலா. என் எடது கை. அதுதான் பிந்துது. சோதிச்சுப் பாத்துட்டேன்.”

அவள் பைகளைக் கீழே வைக்காமல் நின்றாள். முருங்கைக்காய் ஒரு பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தையே பார்த்தாள், எதையோ தேடுவது போல. அங்கே ஒன்றும் கிடைக்காததால்தானோ என்னவோ, அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தனேஸ்வரன் அவள் கையிலிருந்த பைகளை வாங்கி மேசைமேல் வைத்தார். அவள் தோளைத் தொட்டார். அழுகிற ஒருத்தியைத் தேற்ற வேண்டும் என்று தெரிந்தது. எப்படி என்பது மட்டும் மறந்துபோயிருந்தது.

“மீனை ஐஸ்ல வைக்கணும்,” என்றார்.

செய்தி கேட்ட தர்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “அவ்ளோதானா? எடது கை தட்டுகள லேப்டாப்புல முன்னால இழுத்து விட்டுடலாம் லா அண்ணே. எல்லாரும் இழுக்கிறதுதான். யாருக்குத் தெரியப் போவுது?”

தனேஸ்வரனுக்கு அது சரியாகப் படவில்லை. மறுநாள் மாலை டீச்சர் வீட்டுக்குப் போனார். கூடமெல்லாம் அட்டைப் பெட்டிகள். சுவரில் படங்களைக் கழற்றிய இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

“வாரும் தனேஸ்வரன், இரும். கதிரையில சாமான் கிடக்கு, தள்ளிப்போட்டு இரும்.”

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டார். “டீச்சர், எடது கை பிந்துது. மிஷின்ல இழுத்து வச்சாத்தான் சரியா கேக்கும். அது நான் வாசிச்சதா இருக்காது. வேற ஆளு வேணுமின்னா நானே பாத்துத் தாரேன்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூண்டாவது பாட்டில மேல போற இடம் இருக்கல்லோ, அது எனக்கு இப்ப ஏலாது. நாலு தரம் பாடி, நல்ல துண்டுகளை எடுத்துத் தர்மா ஒட்டினவர். அது நான் பாடினதில்லையோ?”

“நீங்க பாடுனதுதான் டீச்சர்.”

“பிறகென்ன? இழுத்து வையும்.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “உமக்கு என்ன செய்யுது? மனசுக்கு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யல டீச்சர்,” என்றார். அதைவிட உண்மையான பதில் அவரிடம் இல்லை.

மெதுவான பாட்டுகள் எளிதாக இருந்தன. இடது கை எப்போதும் ஒரே அளவு பிந்தியதால் அந்த வரிசையை மொத்தமாக முன்னால் தள்ளினால் போதும். தள்ளிவிட்டுக் கேட்டபோது அவருக்கே திடுக்கென்றது. பழைய தனேஸ் வாசிப்பது போல இருந்தது. இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை.

வேகமான பாட்டுகளில் கை ஒரு சொல் கேட்கவில்லை. ஓரிடத்தில் கொஞ்சம் பிந்தியது, ஓரிடத்தில் நிறைய, பாட்டு முடியும் நேரத்தில் களைத்துப்போய் எங்கேயோ விழுந்தது. ஒவ்வொரு தட்டாக இழுத்துப் பார்த்தார். பொய்ப்பல் கட்டியது போல ஆனது. எல்லாவற்றையும் அழித்தார். வலது தபலாவை மட்டும் முதலில் வாசித்துப் பதிவு செய்தார். பிறகு பெரிய தபலாவை இழுத்து வைத்து, அதையும் வலது கையாலேயே வாசித்தார். மணிக்கட்டை அழுத்திச் சத்தத்தை வளைக்கும் வித்தை அந்தக் கைக்குத் தெரியாது. கும், கும் என்று தட்டையாக வந்தது. நேரத்தில் வந்தது, அது போதும் என்று விட்டுவிட்டார்.

டீச்சர் கிளம்புவதற்கு முந்தின வாரம் குனோங் ராபாட் கோயில் மண்டபத்தில் ஒரு சாப்பாடு வைத்தார்கள். தர்மா தன் பெரிய ஒலிபெருக்கிகளில் ஆறு பாட்டையும் போட்டான். ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தனேஸ்வரன் பின் வரிசையில் விமலா பக்கத்தில் இருந்தார். பாட்டு முடிந்ததும் பவித்ரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே! கை பழையபடி ஆயிடுச்சே! சொல்லவே இல்ல? அடுத்த மாசம் தைப்பிங்ல ஒரு ஷோ இருக்கு. வந்துடுங்க லா.”

விமலா கணவரைப் பார்த்தாள்.

“ஆவல பவி. அது மிஷின்ல இழுத்து வச்சது.”

“சும்மா சொல்லாதீங்க லா அண்ணே. எனக்குத் தெரியாதா உங்க கைய?”

தனேஸ்வரன் முன்னால் இருந்த தண்ணீர்க் கிளாஸைத் தள்ளி வைத்தார். இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, ஒன்றாகத் தட்டினார். ஒரு தட்டுக்குப் பதில் இரண்டு கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடியும் இரண்டு. அவருக்கு அது ஒன்றாகத்தான் இருந்தது. பவித்ரனின் முகத்தைப் பார்த்துத்தான் இரண்டு என்று தெரிந்துகொண்டார்.

பவித்ரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேசை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். “அப்பவே உங்ககிட்ட நேரா சொல்லியிருக்கணும் அண்ணே,” என்றார். “சொல்ல வாய் வரல.”

“எனக்கும் கேட்டிருக்காது,” என்றார் தனேஸ்வரன். “சாப்பிட்டியா?”

டீச்சர் மெல்பர்னுக்குப் போய்ச் சேர்ந்தார். காலையில் சமைக்கும்போது பாட்டைப் போட்டுவிடுவதாகவும், மருமகளுக்கு இரண்டாவது பாட்டு பிடித்திருப்பதாகவும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். தனேஸ்வரன் கும்பிடு போடும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

தர்மாவுக்கு நிகழ்ச்சிகளில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் உட்கார நல்ல காதுள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. விமலாவும் வீட்டிலேயே கிடக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் சனிக்கிழமைகளில் தனேஸ்வரன் தர்மாவின் வேனில் ஏறிப் போகிறார். போன சனிக்கிழமை சித்தியவானில் ஒரு கல்யாணம், பவித்ரனின் குழுதான். மண்டபத்தின் கடைசியில், ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்குப் பின்னால், பேப்பர்த் தட்டில் மீகூன் சேமியாவை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே வலது கையால் பித்தான்களை ஏற்றி இறக்கினார். இடது கை மடியில் கிடந்தது. மேடையில் புதிய தபலாக்காரர் வேகமான இடத்தில் முந்திக்கொண்டு ஓடினார். அவர் ஓடுவது அந்த மண்டபத்தில் வேறு யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“என்ன அண்ணே, சரியா இருக்கா?” என்று தர்மா கேட்டான்.

“இருக்கு,” என்றார் தனேஸ்வரன். பாடகியின் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினார்.